டேங்குக்கு அடியில் கிடந்த வயர்

கார்புரேட்டரைக் கழற்றுவதற்காகத்தான் டேங்கை எடுத்தேன். வயரிங்கில் கை வைக்கும் எண்ணமே இல்லை. ஆனால் டேங்கின் முன்பக்கம் உட்காரும் இடத்தில், ஸ்டீயரிங் கழுத்துக்குச் சற்றுப் பின்னால், வயர்க் கட்டிலிருந்து ஒரு வயர் மட்டும் பிரிந்து ஒரு சாண் நீளத்துக்குத் தொங்கிக்கொண்டிருந்தது. நுனியில் சுற்றியிருந்த டேப்பின் பசை கசிந்து, தூசியோடு சேர்ந்து களிம்பாகியிருந்தது. அந்த வயர் எதனோடும் சேரவில்லை.

வண்டி 1970களின் நடுவில் வந்த இரட்டைச் சிலிண்டர் ஹோண்டா. 12 வோல்ட், நெகட்டிவ் எர்த் (பேட்டரியின் நெகட்டிவ் முனை வண்டியின் இரும்புச் சட்டமான சேசிஸில் பூட்டியிருக்கும், மின்சாரம் திரும்பும் வழி அதுதான்), காண்டாக்ட் பாயின்ட் இக்னிஷன் (இன்ஜின் சுழலச் சுழலத் திறந்து மூடும் சிறு சுவிட்சால் தீப்பொறி எழுப்பும் பழைய முறை), முன்னும் பின்னும் டிரம் பிரேக். மொத்த வண்டிக்கும் 15 ஆம்பியரில் ஒரே ஒரு கண்ணாடி ஃபியூஸ். எனக்கு முன்னால் எத்தனை பேர் கைக்குப் போய் வந்ததோ தெரியாது. ஹேண்டில் பார் வண்டியோடு வந்ததல்ல. பிரேக் லீவரும் கிளட்ச் லீவரும்கூட யாரோ பின்னால் மாற்றியவை. இந்தக் கடைசி விவரத்தை முதல் நாளே யோசித்திருந்தால் இந்தப் பதிவு நாலு வரியில் முடிந்திருக்கும்.

முதலில் நிறத்தைப் பார்த்தேன். பச்சை என்றால் பச்சை, சாம்பல் என்றால் சாம்பல். வெளிச்சத்தைப் பொறுத்து மாறியது. ஐம்பது ஆண்டு வெயிலும் இன்ஜின் சூடும் பட்ட பி.வி.சி. உறையில் இதற்குமேல் எதிர்பார்க்க முடியாது. துணியால் துடைத்தேன், பச்சை கொஞ்சம் தெளிந்தது. ஹோண்டாவின் வண்ண முறையில் பச்சை எர்த். சிவப்பு பேட்டரியிலிருந்து நேராக வருவது, கறுப்பு சாவியைத் திருப்பிய பிறகு மின்சாரம் வருவது, பழுப்பு டெயில் லைட். ஆரஞ்சு இடது இண்டிகேட்டர், வெளிர்நீலம் வலது. இதை மனப்பாடமாக வைத்திருப்பதில் ஒரு வசதியும் உண்டு, ஒரு வம்பும் உண்டு. யமஹாவில் கறுப்புதான் எர்த். சாவிக்குப் பிந்தைய மின்சாரம் பழுப்பில் வரும். ஒன்றில் பழகிய கை மற்றொன்றில் கறுப்பைப் பிடித்துச் சேசிஸில் பூட்டினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. பழைய பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் பேட்டரியின் பாசிட்டிவ் முனையே சேசிஸில் பூட்டப்பட்டிருக்கும். அங்கே இந்த மனப்பாடம் முழுவதையும் கழற்றி வைத்துவிட வேண்டியதுதான்.

என் வண்டி ஹோண்டா, வயர் பச்சை. ஆகவே எர்த் என்று மனதுக்குள் பாதி முடிவு கட்டிவிட்டுத்தான் மல்டிமீட்டரை எடுத்தேன்.

பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டு, மீட்டரைக் கன்டினியூட்டியில், அதாவது இரு முனைகளுக்கும் இணைப்பு இருந்தால் ஒலிக்கும் நிலையில், வைத்தேன். ஒரு முனை சேசிஸில், மறுமுனை வயரின் நுனியில். 'பீப்' என்று நீளமாகக் கத்தியது. ஓம் அளவில் வைத்துப் பார்த்தபோது 1.1 காட்டியது. மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டால் வருவது 0.3. ஆக 0.8 ஓம். உறுதியான எர்த் இணைப்பு என்றால் 0.1, 0.2-க்கு மேல் இருக்கக் கூடாது. அது எனக்குத் தெரியும். இருந்தும் பழைய வண்டி, துருப்பிடித்த இணைப்புகள், அப்படித்தான் இருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். கேட்க விரும்பிய பதிலை மீட்டர் சொல்லிவிட்டது. அதன் பிறகு அதனிடம் வேறு எதையும் நான் கேட்கவில்லை.

இன்னொரு தடயமும் கண்ணெதிரே இருந்தது. களிம்பை வழித்தெடுத்தபோது உள்ளே இருந்தது ஜப்பானிய வண்டிகளில் வரும் 3.9 மில்லிமீட்டர் புல்லட் கனெக்டர் (இன்னொரு வயரின் குழல்முனைக்குள் செருகும் உருண்டை முனை), அதன் மேல் மஞ்சளித்துப் போன பழைய உறை. அதாவது வயரும் நுனியும் தொழிற்சாலையிலேயே போட்டவை; பின்னால் யாரோ ஒட்டுப்போட்டதல்ல. சேசிஸில் நட்டு வைத்து முறுக்க வேண்டிய எர்த் வயருக்கு நுனியில் வளையம் இருக்கும். இதில் இருப்பது புல்லட். என்றால், இது சேசிஸைத் தேடவில்லை. இன்னொரு வயரைத் தேடுகிறது. அன்று இதை யோசிக்காமல் அந்த புல்லட்டை வெட்டி எறிந்துவிட்டு, வளையமுனை ஒன்றை வைத்து அழுத்தி, இக்னிஷன் காயிலை (தீப்பொறிக்கு உயர் வோல்ட் தரும் கம்பிச்சுருள்) சேசிஸில் பிடித்திருக்கும் போல்ட்டில் சேர்த்து முறுக்கினேன்.

சும்மா விட்டிருக்கலாமே என்று கேட்கலாம். ஹெட்லைட் கொஞ்ச நாளாக மங்கலாக எரிந்துகொண்டிருந்தது. எர்த் ஒன்று விட்டுப்போனதால்தான் மங்கல், அந்த எர்த் இதுதான் என்று கதை கச்சிதமாகப் பொருந்திவிட்டது. பூட்டியதும் ஹெட்லைட்டைப் போட்டுப் பார்த்தேன். சத்தியமாகப் பிரகாசமாகத் தெரிந்தது.

டேங்கை மாட்டி, இன்ஜினைக் கிளப்பி, வாசலில் முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்தேன். கைப்பிரேக்கை மட்டும் பிடித்து நிறுத்தினேன். எல்லாம் சரி. தெருவுக்கு வந்து முதல் திருப்பத்தில் காலைப் பிரேக்கில் வைத்ததும் இன்ஜின், விளக்கு, ஹாரன் எல்லாம் ஒரே நொடியில் செத்துப்போயின. தள்ளிக்கொண்டு வந்து பார்த்தால் ஃபியூஸ் போயிருந்தது.

புது ஃபியூஸ் போட்டேன். சாவியைத் திருப்பினேன்; போகவில்லை. ஹெட்லைட், ஹாரன், இண்டிகேட்டர் ஒவ்வொன்றாகப் போட்டேன், போகவில்லை. பத்து நிமிடம் இன்ஜினை ஓடவிட்டேன், போகவில்லை. பழைய ஃபியூஸ், அதிர்ச்சியில் அறுந்திருக்கும் என்று தீர்ப்பு எழுதிவிட்டுக் கிளம்பினேன். அதே திருப்பத்தில் இரண்டாவது ஃபியூஸும் போனது.

இரண்டாவது முறை தள்ளிக்கொண்டு வரும்போதுதான் புத்தி வந்தது. இரண்டு ஃபியூஸ்களையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். இரண்டிலுமே கண்ணாடியின் உட்புறம் கறுத்து, உலோகப் பூச்சுப் பூசியதுபோல இருந்தது. அளவுக்குச் சற்று மேல் மின்சாரம் ஓடி மெல்லச் சூடேறிப் போகும் ஃபியூஸில் கம்பி நடுவில் உருகி அறுந்திருக்கும், கண்ணாடி தெளிவாக இருக்கும். இப்படிக் கம்பியே ஆவியாகிக் கண்ணாடியில் படிந்தால் அது நேரடி ஷார்ட். முதல் ஃபியூஸைக் குப்பையில் போடுவதற்கு முன் ஒரு முறை பார்த்திருந்தால் இரண்டாவது தள்ளல் மிச்சமாகியிருக்கும்.

இதற்குமேல் ஃபியூஸ்களைப் பலி கொடுப்பதில் பொருளில்லை. ஃபியூஸ் இருக்கும் இடத்தில் ஒரு 21 வாட் இண்டிகேட்டர் பல்பை ஹோல்டரோடு வயர் போட்டு இணைத்தேன். இந்த முறையைத் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. வண்டிக்குள் ஷார்ட் இருந்தால் பேட்டரியின் 12 வோல்ட்டும் இந்தப் பல்பின் மேலேயே விழும். பல்ப் முழு வெளிச்சத்தில் எரியும். ஆனால் பல்பைத் தாண்டி 2 ஆம்பியர்கூட ஓட முடியாது. ஆகவே எதுவும் கருகாது, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் ஷார்ட்டை அப்படியே வைத்துக்கொண்டு தேடலாம். பாயின்ட் இக்னிஷன் வண்டியில் ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். இன்ஜின் நிற்கும்போது பாயின்ட் மூடிய நிலையில் இருந்தால் காயில் வழியாகவே மின்சாரம் ஓடிப் பல்ப் எரியும். அதை ஷார்ட் என்று நம்பி ஒரு மாலை முழுவதும் வீணாக்கலாம். இக்னிஷனுக்குப் போகும் மின்சாரத்தைத் துண்டிக்கும் கில் சுவிட்சை அணைத்து வைத்துவிட்டால் அந்தக் குழப்பம் இல்லை.

சாவியைத் திருப்பினேன். பல்ப் எரியவில்லை. ஹாரனை அழுத்தினேன், ஹாரன் இருமியது, பல்ப் பாதி எரிந்தது. அது இயல்பு. இண்டிகேட்டர் சிமிட்டாமல் மங்கலாக நின்றது. அதுவும் இயல்பு, இருக்கும் மின்சாரத்தை இரண்டும் பங்கிட்டுக்கொள்கின்றன. தம்பியைக் கூப்பிட்டுப் பிரேக்கை மிதிக்கச் சொன்னேன். பல்ப் பளீரென்று எரிந்தது. பின்னால் போய்ப் பார்த்தேன், பிரேக் விளக்கில் ஒரு பொட்டு வெளிச்சமும் இல்லை. இரண்டும் 21 வாட். ஒழுங்காக இருந்தால் இரண்டும் சரிபாதி மங்கலாக எரிய வேண்டும். முழுவதும் இங்கேயே எரிகிறது என்றால், பிரேக் சுவிட்சைத் தாண்டிய மின்சாரம் விளக்குக்குப் போய்ச் சேராமல் வேறு எங்கோ சேசிஸில் இறங்குகிறது.

டெயில் லைட்டுக்குப் போகும் வயரைச் சீட்டுக்கு அடியில் கழற்றினேன். பல்ப் அப்படியே எரிந்தது. அப்படியென்றால் கோளாறு பின்பக்கம் இல்லை. பிரேக் சுவிட்ச் வயரை அசைத்தேன், மடக்கினேன், மாற்றமில்லை.

"அண்ணா, கால் வலிக்கிறது. எடுக்கவா?"

"இன்னும் கொஞ்ச நேரம் மிதி" என்று சொல்லிக்கொண்டே டேங்கைத் தூக்கியபோது, காயில் போல்ட்டில் நான் புதிதாகப் பூட்டிய வளையமுனை பளபளவென்று என்னைப் பார்த்தது. வயிற்றுக்குள் ஏதோ விழுந்ததுபோல இருந்தது. போல்ட்டைத் தளர்த்தி வயரை எடுத்தேன். கையிலிருந்த பல்ப் மங்கியது. பின்னால் பிரேக் விளக்கும் மங்கலாக எரியத் தொடங்கியது.

அது எர்த் இல்லை. பிரேக் விளக்குக்கு மின்சாரம் கொண்டுபோகும் வயர். ஹோண்டாவில் அது பச்சையில் மஞ்சள் கோடு. கோடு வெளுத்துப்போனால் மிச்சமிருப்பது பச்சை.

மீட்டர் கத்தியது எப்படி? இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் விழுந்த குழி இதுதான். அந்த வயரின் மறுமுனை பிரேக் விளக்கின் ஃபிலமென்ட்டில் சேர்கிறது. ஃபிலமென்ட்டின் அடுத்த பக்கம் எர்த். எரிந்துகொண்டிருக்கும் 21 வாட் பல்பின் மின்தடை சுமார் 7 ஓம். அணைந்து குளிர்ந்திருக்கும்போது அது பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். டங்ஸ்டனின் குணம் அது. நான் அளந்த 0.8 ஓம், பிரேக் பல்பின் குளிர்ந்த ஃபிலமென்ட்டும் அதுவரை போகும் வயரும். மீட்டரின் கன்டினியூட்டி ஒலியோ 30, 40 ஓம் வரைக்கும்கூடக் கத்தும். இண்டிகேட்டர் பல்ப், டெயில் பல்ப், இக்னிஷன் காயிலின் 4 ஓம் அளவுள்ள பிரைமரி (பேட்டரி பக்கச் சுருள்), நியூட்ரல் விளக்கு எதன் வழியாகச் சோதித்தாலும் அது கத்தத்தான் செய்யும். 12 வோல்ட் வண்டியில் ஏறத்தாழ எல்லா வயரும் அந்த ஒலிக்கு எர்த்தாகத்தான் கேட்கும்.

அப்படிப்பட்ட வயரைச் சேசிஸில் பூட்டியதும் உடனே எதுவும் கெடவில்லை என்பதுதான் இதில் மோசமான பகுதி. பிரேக்கை மிதிக்காதவரை அதில் மின்சாரமே கிடையாது. மிதித்த நொடியில் பேட்டரி, ஃபியூஸ், சாவி, பிரேக் சுவிட்ச், சேசிஸ் என்று நேர்வழி திறந்துவிடுகிறது. வாசலில் கைப்பிரேக்கில் ஓட்டிப் பார்த்தபோது தப்பித்ததும் இதனால்தான்.

அடுத்த நாள் காலையில், ஆறிய மூளையோடு, முதல் நாள் செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். டெயில் லைட்டைத் திறந்து பல்பைக் கழற்றிவிட்டு, அந்த வயரை மறுபடியும் சேசிஸோடு வைத்து அளந்தேன். மீட்டர் வாயைத் திறக்கவில்லை. இணைப்பே இல்லை என்று காட்டியது. பல்பை மாட்டினேன், கத்தியது. கழற்றினேன், நின்றது. இருபது வினாடி வேலை. அதன் பிறகு பேட்டரியை இணைத்து, சாவியைத் திருப்பி, மீட்டரை வோல்ட்டில் வைத்தேன். பிரேக்கை விட்டால் பூஜ்யம், மிதித்தால் 12.2.

நிறத்தையும் சரிபார்த்துவிட விரும்பினேன். வயர்க் கட்டின் வெளியுறையைக் கத்தியால் கீறாமல், கட்டு முடியும் இடத்தில் டேப்பை இரண்டு சுற்று மட்டும் பிரித்து, வயரைக் கொஞ்சம் வெளியே இழுத்தேன். வெளிச்சமே படாத அந்த இரண்டு அங்குலத்தில் பச்சையும் மஞ்சளும் நேற்று வாங்கியதுபோல இருந்தன. எந்தப் பழைய வயரின் நிறத்தையும் வெளியே தொங்கும் பகுதியில் படிக்கக் கூடாது, உறைக்குள் போகும் இடத்தில் படிக்க வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் ஸ்பிரிட் தொட்ட துணி போதும். பெட்ரோல் வேண்டாம், பேட்டரி பக்கத்திலேயே இருக்கிறது.

பேட்டரியிலிருந்து ஒரு வயரை எடுத்துத் தெரியாத வயரில் தொட்டுப் பார்ப்பது சிலருடைய வழக்கம். எது எரிகிறது என்று பார்த்தால் தெரிந்துவிடும் அல்லவா என்பார்கள். நானும் அதைச் செய்தேன், ஆனால் கடைசியாக, 5 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்றை நடுவில் போட்டு, அது பிரேக் விளக்குதான் என்று ஏற்கெனவே தெரிந்த பிறகு. அந்த வயர் உண்மையில் எர்த்தாக இருந்து ஃபியூஸும் இல்லாமல் தொட்டிருந்தால் கையில் பிடித்த வயர் பழுத்திருக்கும். எலக்ட்ரானிக் இக்னிஷன் உள்ள வண்டியில் அந்த ஒரு தொடுதல் இக்னிஷன் பெட்டியையே சாகடித்துவிடலாம்.

சரி, பிரேக் விளக்கு வயர் வண்டியின் முன்பக்கத்தில் ஏன் தொங்குகிறது? கால்பிரேக்கின் சுவிட்ச் பின்னால் இருக்கிறது, விளக்கும் பின்னால் இருக்கிறது. முன்னால் வர ஒரே காரணம்தான். கைப்பிரேக் லீவரிலும் ஒரு சுவிட்ச் இருந்திருக்கிறது. லீவரை மாற்றியவர் சுவிட்ச் இல்லாத லீவரைப் போட்டுவிட்டு, மிஞ்சிய வயரை டேங்குக்கு அடியில் திணித்துவிட்டார். நான் வண்டியை வாங்கிய நாளிலிருந்து கைப்பிரேக் பிடித்தால் பின்னால் விளக்கு எரிந்ததே இல்லை. 'எல்லா விளக்கும் எரிகிறது' என்று நினைத்துக்கொண்டிருந்தேன்; காலால் மட்டுமே சோதித்திருக்கிறேன்.

சுவிட்ச் என்றால் இரண்டு வயர் வேண்டும். ஒன்று கிடைத்துவிட்டது, அதன் ஜோடி எங்கே? இது தோன்றியதும்தான் உண்மையாகவே பயம் வந்தது. ஜோடி கறுப்பு வயராகத்தான் இருக்க முடியும். சாவி திரும்பியிருக்கும்வரை அதில் எப்போதும் மின்சாரம் உண்டு. ஹெட்லைட் கூட்டைத் திறந்தேன். வயர்களின் நெரிசலுக்குள், நுனியில் டேப் பாதி அவிழ்ந்த நிலையில், கறுப்பு வயர் ஒன்று கூட்டின் உலோகச் சுவருக்கு விரல்கடை தூரத்தில் கிடந்தது. சாவியைத் திருப்பிச் சோதனை விளக்கை வைத்தேன், எரிந்தது. அந்த டேப் முழுவதும் அவிழ்ந்திருந்தால் ஃபியூஸ் போயிருக்கும், அதுவும் எப்போது என்று முன்கூட்டியே சொல்ல முடியாத விதத்தில். நான் கட்டிய மூட எர்த்தாவது பிரேக்கை மிதித்தால்தான் வேலையைக் காட்டியது.

இங்கே மீட்டரை விட்டுச் சோதனை விளக்கைப் பிடித்ததற்குக் காரணம் உண்டு. டிஜிட்டல் மீட்டர் அளக்கும்போது வயரிலிருந்து மின்சாரத்தை ஏறக்குறைய எடுப்பதே இல்லை. ஆகையால் ஒரே ஒரு இழை ஒட்டிக்கொண்டிருக்கும் வயரிலும், பச்சைக் களிம்பு பூத்த கனெக்டரிலும்கூட அழகாக 12 வோல்ட் காட்டும். 3 வாட் பல்ப் ஒன்று கால் ஆம்பியர் கேட்கும். கொடுக்க முடியாத இணைப்பு அங்கேயே அகப்பட்டுக்கொள்ளும்.

கூட்டைத் திறந்த கையோடு ஹெட்லைட் மங்கலுக்கும் காரணம் கிடைத்தது. ஹெட்லைட்டை எரியவிட்டு, அதன் பச்சை வயருக்கும் பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் நடுவில் மீட்டரை வோல்ட்டில் வைத்தேன். சரியான எர்த்தாக இருந்தால் பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டிய இடத்தில் 1.9 வோல்ட். கூட்டுக்குள் இருந்த பச்சை வயர்களின் கனெக்டர் உப்புப் பூத்திருந்தது. பல்பின் வெளிச்சம் வோல்ட்டுக்கு நேர்விகிதத்தில் குறைவதில்லை, அதைவிட வேகமாகச் சரியும், 12-இல் 1.9 போனால் வெளிச்சத்தில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் போய்விடும். கனெக்டரைச் சுரண்டிச் சுத்தம் செய்து மாட்டியதும் 0.1. எனக்கு அன்று 'பிரகாசமாகத் தெரிந்த' ஹெட்லைட்டுக்கும் இதற்கும் ஒப்பீடே இல்லை.

சுவிட்ச் வைத்த லீவர் ஒன்றைப் போட்டேன். பச்சை மஞ்சள் வயரை அது இருக்க வேண்டிய ஹெட்லைட் கூட்டுக்குள் கொண்டுவந்தேன்; வெட்டி எறிந்த புல்லட்டுக்குப் பதிலாகப் புதியது, மேலே உறை. வெட்டாமல் இருந்திருந்தால் நீளம் சரியாக இருந்திருக்கும். இப்போது ஒரு விரற்கடை குறைந்து, ஹேண்டிலை முழுவதும் இடப்பக்கம் திருப்பினால் இழுத்தது. அதற்காக ஒட்டுப் போட வேண்டியதாயிற்று. என் ஒட்டு என்று அடையாளம் தெரிய அதில் சிறு காகிதத் துண்டை ஒட்டி எழுதி வைத்திருக்கிறேன்.

கைப்பிரேக் பிடித்தால் விளக்கு எரிந்தது. கால்பிரேக்குக்கும் எரிந்தது, ஆனால் கண்ணுக்கே தெரியும் அளவுக்கு மங்கல். பின் சுவிட்சின் இரண்டு முனைகளுக்கு நடுவில் அளந்தால் 0.7 வோல்ட் அதிலேயே தங்கிவிடுகிறது. இரண்டு முறை ஷார்ட் ஆன மின்சாரம் முழுவதும் அந்தச் சின்னக் காண்டாக்ட் வழியாகத்தான் போயிருக்கிறது, தீய்ந்துவிட்டது. அதையும் மாற்றி, பெடலை மிதிக்கத் தொடங்கியதும், பிரேக் பிடிப்பதற்குச் சற்று முன்பே விளக்கு எரியும்படி ஸ்பிரிங் நட்டைத் திருகி வைத்தேன். இப்போது 0.1.